அதுவே பார்த்துக்கொள்ளும்

மாமனாரின் மூக்கிலிருந்து உருவிய குழாயின் நுனியைத் தங்கமணி தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். காற்று வரவில்லை. உதட்டருகே கொண்டுபோனாள். அங்கும் ஒன்றுமில்லை. மேலே ஃபேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. சுவரில் டியூப்லைட் எரிந்தது. மூலையில் இன்வெர்ட்டரின் பச்சைப் புள்ளியும் எரிந்தது. கட்டிலின் கால்மாட்டில் இருந்த ஆக்சிஜன் மிஷினில் மட்டும் ஒரு மஞ்சள் புள்ளி விட்டு விட்டு மின்னியது. பால் வாசனை போகாத விரலால் அவள் அதன் பட்டனை அழுத்தினாள். மிஷின் ஒரு தரம் செருமிவிட்டு ஓடத் தொடங்கியது. குழாயின் நுனியில் புஸ்ஸென்று காற்று வந்தது. செத்தவருக்கு இனி அது எதற்கு?

கட்டிலுக்கு அந்தப் பக்கம் கவியரசன் நின்றிருந்தான். அவளுடைய கொழுந்தன், விமானம் ஓட்டுகிறவன். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்த பிடி விடாமல், அவள் பட்டனை அழுத்தியதையும் பார்த்தான், காற்று வந்ததையும் பார்த்தான். ஓடுகிற மிஷினுக்கும் ஓடாத மிஷினுக்கும் வித்தியாசம் சொல்லித்தர அவனுக்கு ஆள் வேண்டியதில்லை.

"அண்ணி..." என்றான்.

வெளியே செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. டீ குடிக்கக் கடைப்பக்கம் போயிருந்த பங்காளி சுப்புராயன் திரும்பி வந்துவிட்டார். கவியரசன் சட்டென்று குனிந்து மிஷினை அணைத்தான். இன்வெர்ட்டரிலிருந்து அதன் ஒயரையும் பிடுங்கிச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். அதற்குப் பிறகுதான், "சித்தப்பா, அப்பா போயிட்டாரு," என்று சொல்லி உடைந்து அழுதான். அந்த அழுகை பொய்யில்லை என்பது தங்கமணிக்குத் தெரியும். அந்த ஒயரை அவன் சுருட்டியதும் பொய்யில்லை.

நாராயணசாமி வாலிபத்திலிருந்து பீடியும், கரும்புத் தோட்டத்தில் காய்ந்த தோகையான சோகையைக் கொளுத்தும் புகையுமாகக் குடித்தே நுரையீரலைத் தீர்த்துக்கொண்டவர். படுக்கையில் விழுந்த பிறகு அவரைப் பார்த்துக்கொண்டதெல்லாம் மூத்த மருமகள் தங்கமணிதான். முதலில் இருந்தது ஒரு பழைய ஆக்சிஜன் மிஷின். டிராக்டர் மாதிரி உறுமும். வடக்கனந்தலில் கரண்டு எப்போது போகும் என்று கரண்டு ஆபீசுக்கே தெரியாது. கல்வராயன் மலைப்பக்கம் இடி இடித்தால் போதும், இங்கே போய்விடும். போனால் ஃபேன் நிற்கும். ஃபேன் நின்றால் தங்கமணி அடுப்பில் கொதிக்கிற குழம்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவாள். குழாயை மிஷினிலிருந்து உருவி, கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் சிலிண்டரில் மாட்டி, சாவியைத் திருப்புவாள். தூக்கத்திலும் அவள் காது அந்த ஃபேன் மேலேயே இருக்கும். மாமனாரின் மூச்சு ஃபேன் றெக்கையில் ஒட்டிக்கொண்டிருப்பதாகவே அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் கவியரசன் லீவில் வந்தான். இவ்வளவு நீளமான லீவு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. விமானத்தில் வேலை செய்கிறவனிடம் அதையெல்லாம் கேட்கக் கூடாது என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம். கள்ளக்குறிச்சிக்குப் போய் ஒரு பெரிய இன்வெர்ட்டரும் சத்தமே போடாத புது மிஷினும் வாங்கி வந்தான். சொந்தபந்தம் எல்லாம் சுற்றி நிற்க மெயினை அணைத்துக் காட்டினான். ஃபேனும் நிற்கவில்லை, மிஷினும் நிற்கவில்லை. நாராயணசாமிகூடப் படுத்தபடியே சிரித்தார்.

"பாத்தீங்களா அண்ணி? இனிமே நீங்க ஓடியாரவே வேணாம்."

"எப்பனா நின்னுட்டா இன்னா பண்றது தம்பி?"

"நிக்காது. அம்மாம் பெரிய பிளைட்டையே மிஷின்தான் புடிச்சி எறக்குது. நீங்க ஒண்ணியும் தொடாதீங்க. அதுவே பாத்துக்கும்."

சிலிண்டர் மாட்டுக் கொட்டகைக்குப் போனது. இரண்டொரு நாளில் இன்வெர்ட்டர் ஓயாமல் கத்தத் தொடங்கியது. ஊரில் வோல்டேஜ் கம்மி, அதனால்தான் கத்துகிறது என்று சொல்லி, அதன் பின்பக்கம் இருந்த ஒரு குட்டி சுவிட்சைக் கவியரசன் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளினான். கத்தல் நின்றது. எல்லோருக்கும் நிம்மதி. மெயினை இன்னொரு தரம் அணைத்துப் பார்க்க அவனுக்கும் தோன்றவில்லை, பார்க்கச் சொல்ல அவளுக்கும் தோன்றவில்லை. அந்தக் குட்டி சுவிட்ச் இடம் மாறினால், கரண்டு போகும்போது இன்வெர்ட்டர் அரை நொடி தாமதித்துத்தான் கைகொடுக்கும். அந்த அரை நொடி ஃபேனுக்கும் லைட்டுக்கும் ஒரு பொருட்டே இல்லை. புது மிஷினோ அதற்குள் படுத்துவிடும். படுத்தால், யாராவது வந்து பட்டனை அமுக்கும் வரைக்கும் எழுந்திருக்காது.

தங்கமணி அந்த நாட்களில் நன்றாகத் தூங்கினாள். இந்த வீட்டுக்கு வாழ வந்த பிறகு அப்படித் தூங்கியதே இல்லை.

மத்தியானம் சுப்புராயன் பார்க்க வந்தபோது மலைப்பக்கம் மேகம் கறுத்துக் கிடந்தது. கவியரசன் அப்பாவின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விமானக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். சொசைட்டிக்குப் பால் கறந்து ஊற்ற நேரமாகிவிட்டது என்று தங்கமணி பால்கேனோடு கதவோரம் நின்றாள். கதை அவளையும் பிடித்து நிறுத்திவிட்டது.

"எறங்கறப்போ ஸ்பீட மிஷினே புடிச்சிக்கும் சித்தப்பா. பைலட்டு கை வெக்கவே வேணாம். ஆனா நடுவுல ஒரு பட்டன மாத்தி அமுக்கிட்டான்னு வெய்யி, அது ஸ்பீட வுட்டுடும். சும்மா குந்திக்கினு இருக்கும். லைட்டு மட்டும் எரிஞ்சிக்கினே இருக்கும்."

"ஐயையோ."

"ஒரு புள்ள அப்படித்தான் பண்ணிட்டான். மிஷின் பாத்துக்குதுன்னு இவன் நெனச்சிக்கினு இருக்கான். இவன் பாத்துக்குறான்னு பக்கத்துல இருந்த கேப்டன் நெனச்சிக்கினு இருக்காரு. ஸ்பீடு கொறஞ்சிக்கினே வருது, கண்ணுக்கு நேரா முள்ளு எறங்குது. ரெண்டு பேருமே பாக்கல."

டியூப்லைட் ஒரு தரம் கண்ணைச் சிமிட்டியது. தங்கமணி அனிச்சையாக ஃபேனை நிமிர்ந்து பார்த்தாள். சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"அப்பறம்? வியுந்துடுச்சா?" என்றார் சுப்புராயன்.

"இல்ல. கடசி நேரத்துல கேப்டன் பாத்துட்டு மேல தூக்கிட்டாரு."

"யாருப்பா அந்தப் புள்ள?"

"வேற கம்பெனி ஆளு, சித்தப்பா."

நாராயணசாமியின் கை போர்வைக்கு வெளியே வந்தது. மூக்குக் குழாயைப் பிடித்து இழுத்துக் கழற்றினார். கண்ணை அகலத் திறந்து மகனைப் பார்த்து வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. "கயட்டாதப்பா. அப்பறம் மூச்சு வாங்கும்," என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லி, கவியரசன் குழாயைத் திரும்ப மூக்கில் செருகினான். அவர் மறுபடியும் கழற்றினார். அவன் மறுபடியும் செருகி, இந்த முறை அப்பாவின் கையைத் தன் கைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டான். பாசமாகத்தான் பிடித்துக்கொண்டான்.

"மாமாவுக்கு இன்னான்னு தெரியல, பாருங்க தம்பி," என்றாள் தங்கமணி.

"நான் இருக்கன்ல. நீங்க போங்க அண்ணி, பாலுக்கு நேரமாவுது."

அவள் போனாள். தம்பி பார்த்துக்கொள்வான் என்று அவள் போனாள். மிஷின் பார்த்துக்கொள்ளும் என்று அவன் உட்கார்ந்திருந்தான். பால் ஊற்றிவிட்டு அவள் திரும்பி வந்தபோது கவியரசன் மடியில் போனை வைத்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவின் கை இன்னும் அவன் கைக்குள்ளேயே இருந்தது.

பொழுது சாய்வதற்குள் ரிஷிவந்தியத்திலிருந்து கண்ணகி வந்து சேர்ந்தாள். நாராயணசாமியின் ஒரே மகள், மூத்தவள். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே தலையை விரித்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு வந்து விழுந்தாள். கள்ளக்குறிச்சியிலிருந்து ஐஸ் பெட்டி வந்திருந்தது. கட்டிலை நகர்த்திவிட்டுப் பெட்டியைக் கூடத்தில் வைத்து, மிஷின் மாட்டியிருந்த அதே பிளக்கில் மாட்டினார்கள். கொண்டுவந்த ஆள், "கரண்டு போயி வந்தா இந்த பட்டன அமுக்கணும். இல்லன்னா ஓடாது, பாத்துக்கோங்க," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனான். கவியரசன் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அழுது ஓய்ந்த கண்ணகி மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, அடுத்த வேலையை ஆரம்பித்தாள்.

"எங்கப்பா உசுரு போவும்போது கிட்ட யாரு இருந்தாங்க?"

"நம்ம கவிதான் இருந்தான்," என்று சுப்புராயன் முந்திக்கொண்டார். "என் கண்ணால பாத்தன்மா. மூக்குல இருந்து குழாய கயட்டி கயட்டி போடறாரு, இவன் கொயந்தைக்கு மாட்டறாப்ல எடுத்து எடுத்து மாட்டறான். கைய புடிச்சிக்கினே குந்தியிருந்தான். புள்ள கையில போற சாவு யாருக்கு கெடைக்கும், சொல்லு?"

பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். கவியரசன் முகத்தைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டான். பெண்கள் இன்னும் பலமாக உச்சுக்கொட்டினார்கள்.

"அப்ப இவ எங்க போனா?" கண்ணகியின் பார்வை தங்கமணியின் மேல் வந்து நின்றது.

"பால் கறந்து ஊத்தப் போனேன் அண்ணி. சொசைட்டிக்கு..."

"ஓ, மாட்டுக்கு மடி கனத்துப்போச்சா? எங்கப்பனுக்கு மூச்சு அடைக்கிது, உனக்கு சொசைட்டிக்கு நேரமாவுது."

பொறுத்துப் போகத்தான் தங்கமணி நினைத்தாள். ஆனால் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை தலைகளும் தன் பக்கம் திரும்பியதைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. "மிஷின் நின்னு போயிருந்துச்சு அண்ணி. கரண்டு போனப்போ நின்னுடுச்சு. யாரும் கவனிக்கல," என்றாள்.

கவியரசன் கைகளை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"நின்னுடுச்சா?" கண்ணகி எழுந்தே விட்டாள். "நின்ன மிஷின போடறது யாரு வேல? இத்தினி நாளா நீதான பாத்துக்கினு இருந்த? லீவுல வந்தவனுக்கு இன்னா தெரியும்? அப்ப நீயே சொல்ற, மிஷின வுட்டுட்டு நீ மாட்டாண்ட போயிட்டன்னு. அத்தினி பேரும் கேட்டுக்கோங்க!"

தங்கமணி கவியரசனைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை அவன் சொன்னால் போதும். 'நான்தான் அக்கா பக்கத்துல இருந்தேன், நான்தான் பாக்கல' என்று சொன்னால் போதும். அவன் கைகளை இறக்கினான். கண் சிவந்திருந்தது.

"அக்கா, வுடுக்கா. இப்ப அதெல்லாம் பேசி இன்னா ஆவப்போவுது? அண்ணி வேணும்னா பண்ணாங்க?"

அவ்வளவுதான். அந்த வார்த்தையோடு தங்கமணியின் கதை முடிந்தது. கூடத்தில் இருந்தவர்கள் கவியரசனின் பெருந்தன்மையை மெச்சி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பனையே பறிகொடுத்தும் அண்ணியை விட்டுக்கொடுக்காத பிள்ளை என்று ஒருத்தி சொன்னது சமையலறை வரைக்கும் கேட்டது.

அவள் புருஷன் தெய்வசிகாமணி கரும்பு லாரியோடு ஆலைக்குப் போயிருந்தவன், செய்தி கேட்டு வந்து பந்தல் வேலையில் இறங்கியிருந்தான். நாற்காலி போட இடம் வேண்டும் என்று மாட்டுக் கொட்டகையை ஒழித்துக்கொண்டிருந்தபோது தங்கமணி அவனைத் தனியாகப் பிடித்தாள். மூலையில் சிலிண்டர் நின்றிருந்தது. சாவி அதன் கழுத்திலேயே தொங்கியது. சிலிண்டர் நிறைய ஆக்சிஜன் இருந்தது.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். குட்டி சுவிட்சைத் தள்ளியது, லைட் சிமிட்டியது, குழாயைச் செருகியது, ஒயரைச் சுருட்டியது. தெய்வசிகாமணி சிலிண்டரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டான். எதற்கும் ஆச்சரியப்படவில்லை.

"எனக்கு தெரியும்," என்றான்.

"இன்னா தெரியும்?"

"வந்ததும் இன்வெர்ட்டர பாத்தன். சுவிட்சு அந்தாண்ட இருந்துச்சு. கேட்டன். அழுதுட்டான்."

"அப்ப உள்ள வந்து சொல்லுங்களேன். உங்கக்கா என்ன கொலகாரின்னு சொல்லாத கொறையா பேசிக்கினு இருக்கு."

அவன் சிலிண்டரை உருட்டிச் சுவரோரம் நிறுத்தினான். கையில் ஒட்டிய தூசியை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"அவன் பைலட்டுடி. இந்த சுத்துப்பட்டுல நம்ம வூட்ட யாரு கேட்டாலும், பைலட்டு வூடான்னுதான் கேக்கறான். நாளைக்கி அப்பன மிஷின் போடாம சாவடிச்சவன் வூடான்னு கேப்பான். உனக்கு இன்னா? நீ வூட்டோட இருக்கறவ. ரெண்டு நாளு பேசுவாங்க, அப்பறம் வுட்டுடுவாங்க."

"வுடுவாங்களா?"

"வுடலன்னாதான் இன்னா? உன்ன எவன் வேலைய வுட்டு தூக்கப்போறான்?"

அதைச் சொன்னபோது அவனுக்குக் கோபம்கூட இல்லை. சாதாரணமாக, நாற்காலி எத்தனை வேண்டும் என்று சொல்வது போலத்தான் சொன்னான். தங்கமணிக்கு அழுகை வந்தது. அதற்குள் உள்ளே இருந்து டீ கேட்டார்கள்.

காலையில் தாரை தப்பட்டைக்காரர்கள் வந்துவிட்டார்கள். தூரத்துச் சொந்தம் இன்னும் வர வேண்டியிருந்ததால் எடுக்க நேரமிருந்தது. பின்கட்டில் தண்ணீர்த் தொட்டியருகே முகம் கழுவிக்கொண்டிருந்த கவியரசனுக்குத் தங்கமணி துண்டை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். அவள் நகரவில்லை.

"தம்பி, உங்கள நான் ஒண்ணும் சொல்லல. நானுந்தான் லைட்டு சிமிட்டினத பாத்தேன். ஃபேன் ஓடுதேன்னு போயிட்டேன். என் பேர்லயும் தப்பு இருக்குது. ரெண்டு பேரும் பாக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. உங்க அக்காகிட்ட மட்டுமாச்சும் சொல்லுங்க. காலம்பூரா நான் அவங்க மூஞ்சில முயிக்கணும்."

அவன் துண்டால் முகத்தை மூடித் துடைத்தான். தேவைக்கு மேல் நேரம் துடைத்தான்.

"நேத்து சித்தப்பாகிட்ட ஒரு கத சொன்னேனே. அந்தப் பையன் வேற கம்பெனி இல்ல அண்ணி."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அந்த நீண்ட லீவும் சேர்த்தே புரிந்தது.

"திரும்ப ட்ரெய்னிங் குடுத்து பாக்கலாமா, வூட்டுக்கே அனுப்பிடலாமான்னு யோசிக்கிறாங்க. அப்பாவுக்கு தெரியாது. யாருக்கும் தெரியாது." குரல் இறங்கிப்போயிருந்தது. "ரெண்டாவது வாட்டியும் நான்தான்னு எப்படி அண்ணி சொல்லுவேன்?"

"அப்ப நான்தான்னே இருக்கட்டுங்களா?"

அவன் ஈரத் துண்டைக் கொடியில் போட்டான். சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டான். பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டான். ஒரு பாவத்தை ஒருத்தி மேல் ஏற்றிவிட்டு இவ்வளவு சுத்தமாகக் கை துடைக்க முடியும் என்பதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

தங்கமணி டீத் தட்டோடு கூடத்துக்கு வந்தாள். ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் கவியரசன் தரையில் உட்கார்ந்திருந்தான். பெண்களுக்கு நடுவில் கண்ணகி சுவரில் சாய்ந்திருந்தாள். மலைப்பக்கம் எங்கோ இடி உருண்டது. டியூப்லைட் ஒரு தரம் கண்ணைச் சிமிட்டியது. ஃபேன் நிற்காமல் சுற்றியது. பெட்டியின் உறுமல் மட்டும் நின்றுபோனது.

யாரும் கவனிப்பதற்கு முன்பே கவியரசன் எழுந்துவிட்டான். தட்டுத் தடுமாறி, ஒரு கிழவியின் காலை மிதித்து, பெட்டியைச் சுற்றி ஓடிப் பட்டனை அமுக்கினான். உறுமல் வரவில்லை. மறுபடி அமுக்கினான். மறுபடியும். பெட்டி ஓடத் தொடங்கிய பிறகும் அவன் விரல் பட்டனிலேயே இருந்தது. பிறகு கண்ணாடி மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து, உள்ளே ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்தான்.

"பாருங்கடி," என்றாள் கண்ணகி, தங்கமணிக்குக் கேட்கட்டும் என்றே. "ராத்திரியெல்லாம் கண்ணு மூடாம இப்படித்தான் குந்தியிருக்கான். கரண்டு போன அந்த செகண்டே எழுந்து ஓடறான். பெத்தவன் மேல அக்கற இருந்தா இது தானா வரும். யாரும் சொல்லித்தர வேணாம்."

தங்கமணி தட்டை அவள் பக்கம் நீட்டினாள். கண்ணகி அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டாள். அடுத்த டம்ளரைக் கவியரசனுக்குக் கொடுக்கத் தங்கமணி பெட்டியருகே குனிந்தாள். அவன் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை. டம்ளரை அவன் காலடியில் வைத்தாள்.

கண்ணாடிக்குள் மாமாவின் மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். நெற்றியில் ஒற்றை ரூபாய் ஒட்டியிருந்தது. காதிலிருந்து மூக்கு வரைக்கும் குழாய் அழுத்திய கோடு இரண்டு கன்னத்திலும் இன்னும் மறையவில்லை.